பழங்காரில் பிரேக், பெட்ரோல் குழாய்களை மாற்றுதல்

பிரேக் குழாய் என்பது ஓட்டுநர் பெடலை மிதிக்கும் விசையைத் திரவ அழுத்தமாகச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய உலோகக் குழாய் ஆகும். பெட்ரோல் குழாய், தொட்டியிலுள்ள எரிபொருளைக் கார்புரேட்டர் வரை கொண்டுவருகிறது. இரண்டும் காரின் அடித்தளத்தை ஒட்டி ஓடுபவை. சேறும் நீரும் தெறிப்பவை. வண்டி நிற்கும்போது எவர் கண்ணிலும் படாதவை. ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய காரை வாங்குபவர் முதலில் வண்ணப்பூச்சையும் இருக்கைத் தோலையும் பார்க்கிறார். ஆனால் அந்தக் கார் சாலையில் இறங்கத் தகுந்ததா என்பதைப் பெரும்பாலும் இந்தக் குழாய்களே தீர்மானிக்கின்றன.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது மோரிஸ் மைனர் கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தச் சிறு கார் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது; 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சம் அளவில் தயாரிக்கப்பட்டது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனைப் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் சில காலம் விற்றது. இலங்கையில் இன்றும் மைனர்கள் ஓடுகின்றன. அமைப்பு எளியது, உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன, செய்முறை அதே காலத்துப் பிற கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால் கற்பவர்க்கு ஏற்ற கார் இது.

ஒரே சுற்று

நீர்ம பிரேக்கின் அடிப்படை பாஸ்கல் விதி. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் இதனைக் காருக்குப் பயன்படுத்த 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் நீர்ம பிரேக்குடன் வந்தது. மைனரில் உள்ளதும் லாக்ஹீட் வகை டிரம் பிரேக்தான். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. அவற்றை ஒரு சிறு குழாய் இணைக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சட்டத்தின் உள்ளே இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் அதற்குத் திரவம் ஊற்ற முடியும். இந்த இடத் தேர்வினால் பல மைனர்களில் திரவ அளவு ஆண்டுக்கணக்கில் பார்க்கப்படுவதே இல்லை.

குழாயின் மேல் விழும் சுமையை ஒரு கணக்கால் உணரலாம். ஓட்டுநர் 30 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறார். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 7/8 அங்குல விட்டம் எனக் கொள்வோம். அப்போது குழாயினுள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 39 கிலோ அழுத்தம் எழுகிறது. கார் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் போல் இது ஏறக்குறைய இருபது மடங்கு. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்து ஓட்டுநர் முழு பலத்துடன் மிதித்தால் இது இரண்டு மடங்காகும். அதாவது, நலிந்த குழாய் சாதாரண நாளில் தாங்கிக்கொண்டே இருந்து, மிகத் தேவைப்படும் நொடியில் வெடிக்கிறது.

வெடித்தால் என்ன ஆகும் என்பதில்தான் பழங்காரும் புதுக்காரும் வேறுபடுகின்றன. இன்றைய கார்களில் பிரேக் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று போனாலும் மற்றது பாதி வேலையேனும் செய்யும். அமெரிக்காவில் 1968 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. மைனரில் ஒரே சுற்றுதான். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவம், ஒரே அழுத்தம். எந்த மூலையில் ஊசித் துளை விழுந்தாலும் பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது, பின்சக்கரங்களைக் கம்பி வழியே இழுக்கும் கைபிரேக் ஒன்றே.

குழாய் கெடும் விதம்

மைனர் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதில் இருந்தவை எஃகுக் குழாய்கள். செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் செம்பு உருகிப் பிடிக்கச் செய்யப்படும் இந்த வகை, வலிமையில் குறையற்றது. வெளி விட்டம் 3/16 அங்குலம். சுவரின் தடிமன் ஏறத்தாழ 0.7 மி.மீ. தான். பிரித்தானிய ஆண்டுச் சோதனையில் சுவரின் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருந்தால் கார் தேறாது. அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. கையால் தடவி அறியக்கூடிய அளவு அல்ல.

துரு எங்கும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில், அச்சின் மேல் சேறு தங்கும் இடத்தில், தளத்தின் ஓட்டை வழியே நுழையும் இடத்தில் அது ஆழமாகப் பிடிக்கும். குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் தூவப்படும் உப்பு இதற்குக் காரணம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அதே வேலையை மெதுவாகச் செய்கிறது. அடித்தளத்துக்குக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து விற்கப்படும் கார்களைச் சற்று ஐயத்துடன் பார்ப்பது நல்லது. பூச்சு புதிதாக இருக்கும், உள்ளே குழாய் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும்.

ரப்பர் ஹோஸ் வேறு விதமாகக் கெடுகிறது. மைனரில் இவை மூன்று: முன்சக்கரங்களுக்கு இரண்டு, உடலிலிருந்து பின் அச்சுக்கு ஒன்று. மடக்கிப் பார்க்கும்போது மேலே வெடிப்பு தெரிந்தால் காலம் முடிந்தது என எளிதில் அறியலாம். ஆனால் பல ஹோஸ்கள் வெளியே நன்றாக இருந்து உள்ளே உப்பிவிடுகின்றன. துவாரம் சுருங்கி, உட்சுவரில் கிளம்பிய ரப்பர் மடல் ஒருவழிக் கதவைப் போல இயங்கும். மிதிக்கும் அழுத்தம் திரவத்தைத் தள்ளிவிடும். காலை எடுத்தபின் அது திரும்பி வராது. சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும், டிரம் சுடும், கார் ஒரு பக்கம் இழுக்கும். இத்தகைய காரில் வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றியும் குறை தீராமல், கடைசியில் ஹோஸ்தான் காரணம் எனக் கண்டுபிடிப்பது பட்டறைகளில் வழக்கமாக நடப்பது.

'பிரேக் ஆயில்' எனும் பெயர்

பட்டறைகளில் எல்லோரும் 'பிரேக் ஆயில்' என்றே சொல்கிறார்கள். தொடக்க கால பிரேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தவை என்பதால் அன்று அந்தப் பெயர் பொருந்தியது. இன்று புட்டியில் வருவது எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகை வேதித் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றினால், மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் உள்ள ரப்பர் வாஷர்கள் உப்பிக் குழைந்துவிடும். குழாயின் உட்புறத்தைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவுவதும் இதே தீங்கைச் செய்யும்.

இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 தரத்துக்கு இவ்வரம்புகள் 230, 155. மலைச்சாலையில் நெடுநேரம் பிரேக் பிடித்து இறங்கும்போது ஈரமேறிய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அதே ஈரம் எஃகுக் குழாயை உள்ளிருந்தும் அரிக்கிறது. திறந்து வைத்த புட்டியை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கும் சிக்கனம் இங்கே பயன் தராது.

டாட் 5 எனப்படும் சிலிக்கோன் திரவம் வண்ணப்பூச்சைக் கெடுக்காது, ஈரத்தையும் உறிஞ்சாது. ஆண்டில் சில நாளே வெளியே எடுக்கப்படும் கார்களுக்குச் சிலர் இதை விரும்புகின்றனர். ஆனால் கிளைக்கால் திரவத்தோடு இதைக் கலக்கக் கூடாது. மாற்றுவதென்றால் எல்லா ரப்பர் பாகங்களையும் புதிதாக்கியே மாற்ற வேண்டும். எண்ணில் நெருங்கியிருந்தாலும் டாட் 5.1 என்பது சிலிக்கோன் அல்ல, கிளைக்கால் வகையே. கடையில் வாங்கும்போது இந்த ஒரு புள்ளியைக் கவனிக்க வேண்டும்.

எந்தக் குழாய்

மாற்றுக் குழாய்க்கு மூன்று தெரிவுகள் உண்டு. எஃகுக் குழாய் மலிவானது, அசலைப் போன்றது. ஆனால் மீண்டும் துருப்பிடிக்கும். தனிச் செம்புக் குழாய் கையால் வளையும், துருப்பிடிக்காது, பிரித்தானியாவில் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அதன் குறை, அதிர்வில் நாள்பட இறுகி, உடையும் தன்மை பெறுவது. குளிர்பதனப் பெட்டிக்கு விற்கப்படும் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகவே ஆகாது. மூன்றாவது, செம்பும் நிக்கலும் ஏறத்தாழ 90க்கு 10 என்ற அளவில், சிறிது இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த உலோகக் கலவை. கடல்நீர்க் குழாய்களுக்குப் பயன்படுவது இதுவே. வோல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களில் இதைப் பொருத்தத் தொடங்கியது. எஃகைவிட விலை கூடுதல். எனினும் ஒரு முழுக் காருக்கு வேண்டியது சில மீட்டர்தான் என்பதால் இதில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. காட்சிப் போட்டிக்குச் செல்லும் காரில் மட்டும் அசல் தோற்றத்துக்காக எஃகு கேட்கப்படலாம்.

அறுந்த இடத்தை மட்டும் வெட்டி, இடையில் இறுக்கு இணைப்பி போட்டு ஒட்டுவது பிரேக் குழாயில் செய்யக் கூடாத வேலை. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் பயன்படும் அந்த வகை, பிரேக்கின் அழுத்தத்தில் நழுவிவிடும். ஒரு குழாய் அரித்துவிட்டதென்றால் அதே வயதுடைய மற்றவையும் அருகில் வந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும். எனவே முழுத் தொகுதியாக மாற்றுவதே வழக்கம்.

கழற்றுதல்

ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. நான்கு தாங்குகால்கள் உறுதியான தரையில் நிற்க வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மின் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு குழாயும் ஓடும் வழியைப் படமெடுத்து வைப்பது பின்னால் மிகவும் உதவும். யூனியன் நட்டுகள் சிறியவை, மெல்லியவை, பல பத்தாண்டாக இறுகியவை. சாதாரண திறந்த ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். குழாய் நுழைய ஒரு வெட்டு மட்டும் விட்டு, நட்டை ஏறத்தாழ முழுவதும் சுற்றிப் பிடிக்கும் குழாய்நட்டு ஸ்பேனர் தேவை. முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைக்கலாம். எப்படியும் தூக்கி எறியப்போகும் குழாய் என்றால் நட்டுக்கு அருகே வெட்டிவிட்டு, ஆறுமுக சாக்கெட் போட்டுத் திருகுவது இன்னும் எளிது.

ஹோஸைக் கழற்றுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் உலோகக் குழாயின் நட்டு, பிறகு தாங்கியிலுள்ள பூட்டு நட்டு, கடைசியாக வீல் சிலிண்டரின் முனை. தலைகீழாகச் செய்தால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். மாட்டும்போது இதே வரிசை பின்னிருந்து வரும். செப்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையும் கழற்ற நினைப்பவருக்கு மைனர் ஒரு சோதனை வைத்திருக்கிறது. அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் வெளியே வர முடியாதபடி முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கிறது. தண்டை இறக்கியாக வேண்டும். அரை நாள் வேலை என்று தொடங்கியவர்கள் வார இறுதி முழுவதையும் இழப்பது இந்த இடத்தில்தான்.

கழற்றிய பழைய குழாய்களை எறிந்துவிடக் கூடாது. அவையே புதியவற்றுக்கு மாதிரி. ஒரு நூலை வளைவுகளின் மேல் ஒட்டி வைத்து, நீட்டி அளந்தால் நீளம் கிடைக்கும். அதனுடன் சில சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும்.

விளிம்பு விரித்தல்

இந்த வேலை முழுவதிலும் கைத்திறன் தேவைப்படுவது குழாய் முனையை விரிப்பதில்தான். பட்டறைகளில் 'ஃபிளேரிங்' எனப்படும். நட்டு குழாயை நேரடியாகப் பிடிப்பதில்லை. விரிந்த விளிம்பை எதிர்ப் பாகத்தின் இருக்கையோடு அழுத்துகிறது. உலோகமும் உலோகமும் பதியும் அந்த வளையம்தான் கசிவைத் தடுக்கிறது. நூல், டெஃப்லான் நாடா, பசை எதற்கும் இங்கே இடமில்லை. நாடாவின் துணுக்கு உள்ளே போனால் சிறு துவாரங்களை அடைத்துவிடும்.

விளிம்பு ஒரே வகையானது அல்ல. லாக்ஹீட் அமைப்பில், உள்ளே திருகும் நட்டு வரும் முனைக்குக் குமிழ்போல் வெளியே உப்பிய விளிம்பு; வெளியே கவிழும் நட்டு வரும் முனைக்கு, அந்தக் குமிழை மீண்டும் உள்ளே மடித்த இரட்டை விளிம்பு. அமெரிக்கக் கார்களில் 45 பாகை இரட்டை மடிப்பு. பிற்கால ஐரோப்பிய, ஜப்பானிய கார்களில் வேறு கோணங்கள் உண்டு. தவறான விளிம்பும் நட்டை இறுக்கினால் அமர்ந்ததுபோல் தோன்றும். முதல் நாள் கசியாமலும் இருக்கலாம்.

நட்டின் இழையிலும் இதே பொறி உள்ளது. பிரித்தானியப் பழங்கார்களில் பரவலான 3/8 அங்குல யுஎன்எஃப் இழையின் விட்டம் 9.5 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 24 இழை. இன்றைய மெட்ரிக் நட்டு 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. இரண்டையும் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றில் மற்றது சில சுற்று ஏறவும் செய்யும். அதை ஸ்பேனரால் வலிந்து இறுக்கினால் அரிய பழைய சிலிண்டரின் இழை அழிந்துபோகும். நட்டு முழு ஆழத்துக்கும் விரலால் மட்டுமே திரும்ப வேண்டும் என்பது விதி.

செய்முறை இப்படி. குழாயை ரம்பத்தால் அறுக்காமல் சக்கரக் கத்தியால் சுற்றி வெட்ட வேண்டும். உள்விளிம்பின் பிசிரை நீக்கி, வெளிவிளிம்பை லேசாக அராவி, துகள் போக ஊத வேண்டும். அடுத்தது நட்டைக் குழாயில் கோப்பது. இதை மறந்து விளிம்பை விரித்துவிட்டு, அழகாக அமைந்ததைப் பார்த்து மகிழ்ந்தபின் நட்டு மேசையில் கிடப்பதைக் காணாத மெக்கானிக் அரிது. பிறகு குழாயைக் கருவியின் பிடியில் சரியான நீளம் நீட்டி இறுக்கி, ஒரு துளி பிரேக் திரவம் தொட்டு, முதல் அச்சை அழுத்த வேண்டும். இரட்டை விளிம்புக்கு மட்டும் இரண்டாம் அச்சு. வந்த விளிம்பு மையத்தில், வட்டமாக, வெடிப்பின்றி இருக்கிறதா என உருப்பெருக்கியில் பார்த்தல் வேண்டும். சரிந்திருந்தால் வெட்டி எறிந்து மீண்டும் செய்வதே வழி. முதல் பத்து விளிம்புகளை வேண்டாத துண்டில் செய்து பழகுவது குழாயை வீணாக்குவதாகாது.

வளைப்பதற்கு உருளைக் கருவி நல்லது. கூர்மையாக மடங்கி நசுங்கிய குழாயை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. புகைபோக்கிக் குழாயிலிருந்து விலகியும், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் வழியில் படாமலும், பழைய பாதையிலேயே செல்ல வேண்டும். ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒரு கிளிப். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம். கிளிப் இல்லாமல் தொங்கும் குழாய் ஒவ்வொரு குலுக்கலிலும் ஆடி, விளிம்பின் கழுத்தில் முறியும். அக்காலத்துப் பல பிரித்தானியக் கார்களில் பின் பிரேக் விளக்கின் சுவிட்சும் இந்தக் குழாயின் சந்தியிலேயே அமைந்து, திரவ அழுத்தத்தால் இயங்குகிறது. திறந்ததோடு அதையும் புதிதாக்கிவிடுவது நல்லது.

காற்றெடுத்தல்

புதுக் குழாய்களுக்குள் இருப்பது காற்று. அதை வெளியேற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். டிரம் பிரேக் என்பதால் முதலில் ஷூக்களை டிரம்மோடு நெருக்கி வைத்துக்கொண்டால் பெடலின் வீண் ஓட்டம் குறையும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது முறை. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள மைனரில் அது பின் இடது சக்கரம். நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவமுள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். உள்ளே இருப்பவர் மிதிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறக்கிறார். பெடல் அடியைத் தொட்டதும் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்கிறார். அதன் பிறகே கால் மேலே வர வேண்டும். மூடுவதற்கு முன் கால் வந்துவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும் வரை இது தொடரும். இடையிடையே தரைவிரிப்பைத் தூக்கித் திரவம் நிரப்ப மறந்தால் எல்லாம் தொடக்கத்துக்கே திரும்பும். சிந்திய திரவம் வண்ணப்பூச்சை உரித்துவிடும். அது நீரில் கரையும் என்பதால் உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும்.

பெட்ரோல் குழாய்

பெட்ரோல் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைவு. ஆபத்து வேறு வகை. மைனரின் தொட்டி பின்புறம் பெட்டித் தளத்தின் கீழ் இருக்கிறது. எஸ்.யூ. மின் பம்போ முன்னே எஞ்சின் அறையின் சுவரில் இருக்கிறது. எனவே காரின் நீளம் முழுவதும் குழாயில் நடப்பது உறிஞ்சுதல். அதில் துளை விழுந்தால் பெரும்பாலும் பெட்ரோல் ஒழுகுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே நுழைகிறது. ஓட்டுநர் அதைக் காதால் அறியலாம். சாவியைத் திருப்பியதும் பம்பு சில முறை 'டிக் டிக்' என அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் அது காற்றைக் குடிக்கிறது, அல்லது தொட்டி காலி.

பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே நிலைமை நேர்மாறு. அங்கே பெட்ரோல் தள்ளப்படுகிறது. கசிந்தால் வெளியேதான் வரும். மைனரின் ஏ-வரிசை எஞ்சினில் கார்புரேட்டரும் சூடான புகைபோக்கிப் பாகமும் ஒரே பக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. எனவே இந்தச் சில அங்குல ரப்பர் ஹோஸ்தான் முழுக் காரிலும் தீப்பிடிக்க மிக ஏற்ற இடம்.

இந்த ஹோஸை அண்மைக்கால எரிபொருள் இன்னும் நலிவாக்கியுள்ளது. பிரித்தானியாவில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறது. இந்தியாவில் 2023இல் அறிமுகமான 20 விழுக்காட்டுக் கலவை இப்போது பரவலாகிவிட்டது. 1950களின் ரப்பரும் தக்கை வாஷரும் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை மென்மையாகி உப்புகின்றன, பிறகு காய்ந்து வெடிக்கின்றன. எத்தனால் நீரையும் ஈர்ப்பதால் மாதக்கணக்கில் நிற்கும் காரின் தொட்டியும் எஃகுக் குழாயும் உள்ளே துருப்பிடிக்கின்றன. எனவே மேலே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட, உட்சுவரில் ஃபுளோரின் ரப்பர் கொண்ட ஹோஸையே வாங்க வேண்டும். பழைய தோற்றத்துக்காகத் துணிப் பின்னல் போர்த்திய ஹோஸை விரும்புவோர் உண்டு. அந்தப் பின்னல் உள்ளே நடக்கும் வெடிப்பை மறைத்துவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வேலைக்கு முன் பேட்டரியின் உடல் இணைப்பைக் கழற்ற வேண்டும். மைனர் நேர்முனை உடலோடு இணைந்த கார் என்பதால், நிறத்தை நம்பாமல் எந்தக் கம்பி உடலுக்குச் செல்கிறது என்று பார்த்துக் கழற்றுவது நன்று. தொட்டியைக் கைப்பம்பால் காலி செய்யலாம். ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சும் பழைய பழக்கம் நுரையீரலுக்குள் பெட்ரோலை அனுப்பக்கூடியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பட்டறைக் குழிக்குள் நின்று இந்த வேலையைச் செய்வது கூடாது. சூடாகும் குண்டு விளக்கும் கூடாது. வெளியே நிழலில், தீயணைப்பான் எட்டும் தூரத்தில் செய்வதே முறை.

உலோகக் குழாய்க்கு இங்கேயும் செம்பு நிக்கல் கலவை பொருந்தும். ஹோஸ் ஏறும் முனையில் சிறு புடைப்பு எழுப்பினால் நழுவாது. திருகுப் பல் கொண்ட சாதாரண கிளிப் மெல்லிய ஹோஸை வெட்டிவிடும். உட்புறம் வழுவழுப்பான, முழுவட்டமாக இறுகும் கிளிப் மேலானது. கோடையில் பழங்கார்கள் மூச்சடைத்து நிற்பதற்குப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவது ஒரு காரணம். இந்தியச் சாலைகளில் அம்பாசடர் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். புதுக் குழாயைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கி ஓட்டினால் அந்தத் துணியின் தேவை குறையும்.

சோதனை

பெட்ரோல் பக்கத்தை முதலில் சோதிக்க வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, பம்பு அடங்குகிறதா என்று கேட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பார்க்கலாம். பிரேக்குக்கு, ஒருவர் முழு பலத்துடன் ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்க, மற்றவர் எல்லா நட்டுகளையும் அதே காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்துள்ளது. கல்போல் நிற்காமல் துள்ளினால் காற்று மிச்சம். முதல் ஓட்டம் சமதளத்தில், ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில், கைபிரேக் வேலை செய்கிறது என்று உறுதி செய்தபின்.

இவ்வளவு செய்தும் சுற்று ஒன்றாகவே இருக்கிறது என்ற குறை தீராது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திக்கொள்ளும் மைனர் உரிமையாளர்கள் உண்டு. கார் அசல் நிலையிலேயே இருக்க வேண்டும் என்று அதை மறுப்பவர்களும் உண்டு. இரண்டாம் தரப்பார்க்குப் பொறுப்பு கூடுதல். பிரித்தானியாவில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத, நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. அதாவது கால் மில்லிமீட்டர் துருவைத் தேடிப் பார்க்க இனி அரசுச் சோதகர் வரமாட்டார்.

புதுக் குழாய் போட்ட காரைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் தூக்கி, எல்லா நட்டுகளையும் கிளிப்புகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பரிந்துரை. ரப்பர் ஹோஸ்களை ஆண்டுதோறும் மடக்கிப் பார்க்க வேண்டும், மாட்டிய தேதியை மாஸ்டர் சிலிண்டர் மூடியின் அடியில் எழுதி ஒட்டி வைக்கலாம். திரவ அளவைப் பார்க்கத் தரைவிரிப்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படும்.